குருக்கள்மடம் துறையில் விழுந்தது பிரம்பு, நான் அல்ல

நான் வாவிக்குள் விழவில்லை. முதலில் இதை எழுதிவிடுகிறேன். சென்ற ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிலோமினாக்கா, தண்ணிக்குள்ள விழுந்திட்டீங்களாமே!" என்றார்கள். மூன்றாமவர், என்னைக் காப்பாற்றிய மீனவர்களுக்காக ஒரு நன்றிப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னார். விழுந்தது என் வெள்ளைப் பிரம்பு. அது விழும்போது நான் கரையில் நேராக நின்றுகொண்டிருந்தேன். காப்பாற்றப்பட்டதும் பிரம்புதான்.

இன்னொன்று. தெருவில் கண்டும் காணாமல் போகிறேன், தலைக்கனம் கூடிவிட்டது என்ற பேச்சும் காதுக்கு வந்தது. ஐந்து வருடமாக என் இரண்டு கண்களுக்கும் நடுப்பகுதி தெரிவதில்லை. ஓரங்களில் தெரியும். உங்கள் செருப்புத் தெரியும், சேலைக்கரை தெரியும். முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு நிற்கும். தலைக்கனம் கன்னியர்மடப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தது. அதற்கும் கண்ணுக்கும் தொடர்பில்லை.

இனிப் பயணம். சக்கர நாற்காலியோடோ வெள்ளைப் பிரம்போடோ மட்டக்களப்பு வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளியூர் வாசகர்களுக்கு: வாவிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கம் எழுவான்கரை, மேற்கே வயற்பக்கம் படுவான்கரை. நாங்கள் போனது சென்ற வியாழக்கிழமை, மாரிப்போக அறுவடை முடிகிற நேரம். இதைவிட நல்ல காலம் இல்லை. மழை விட்டிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது.

போன காரணம் இதுதான். எங்கள் பழைய மாணவிகள் சங்கம் ஒவ்வொரு வருடமும் அறுவடைக்குப் பிறகு படுவான்கரையில் உள்ள அம்பிளாந்துறையில், எங்கள் அங்கத்தவர் ஒருவரின் வயல்வீட்டுக்கு ஒருநாள் உலாப் போகும். பதினொரு வருடம் அதை ஒழுங்கு செய்தவள் நான். இந்த முறை செயற்குழுவிலிருந்து என் மருமகளுக்குத் தொலைபேசி வந்தது. எனக்கல்ல, மருமகளுக்கு. "மாமியும் டொறத்தியும் இந்த முறை ரெஸ்ட் எடுக்கட்டும். பாதைப் படகுல ஏத்தி இறக்கிறது கரைச்சல். பக்குவமாச் சொல்லுங்க" என்றார்களாம். மருமகள் பக்குவமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் பக்குவம் போதவில்லை.

டொறத்தி பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். நாவற்குடாவில் இருக்கிறாள். பறங்கியர் வீட்டுப் பிள்ளை, நல்ல கேக் சுடுவாள், வாய் அதைவிட நல்லாய்ச் சுடும். சர்க்கரை வியாதியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மூன்று வருடமாகச் சக்கர நாற்காலி. நான் செய்தியைச் சொன்னதும் அவள் வழக்கம்போல் சிரிக்கவில்லை. "பிலோ, ஒருக்காப் போய்ப் பாப்பம். ஏலாட்டி நான் இனி ஒருத்தரிட்டயும் எங்கயும் கூட்டிப் போகச் சொல்லிக் கேக்க மாட்டன்" என்றாள். அந்த 'இனி' எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே உலாவுக்கு முன்பே நாங்கள் இருவரும் அந்த வழியைப் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

காலை ஏழேகாலுக்கு நகரத்திலிருந்து ஓட்டோ புறப்பட்டது. ஓட்டுநர் நசீர், காத்தான்குடிக்காரர், நாற்பது வயது இருக்கும். நாள் முழுவதற்கும் காத்திருப்போடு சேர்த்து ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் பேசியிருந்தேன். கல்லடிப் பாலம் ஏறுமுன் அவருடைய போன், யாரோ இரண்டு பேர் சண்டை பிடிப்பது போலக் கத்தியது. என்ன அது என்று கேட்டேன்.

"மெசேஜ் வாசிக்கிதும்மா."

"இந்த வேகத்திலா? ஏன், நீங்கள் வாசிக்கமாட்டீர்களா?"

"எழுத்து ஒரு இடத்துல நிண்டாத்தானே வாசிக்க? என்ட கண்ணுக்கு அது இடம் மாறி இடம் மாறி ஓடும். பள்ளிக்கூடத்துல மொக்கன் எண்டு பின்வாங்குல போட்டாங்க. இப்ப போன் வாசிக்கிது, நான் கேட்டுட்டு ஓடுறன்."

என் போனிலும் அதே வசதிதான். திரையில் விரல் வைத்த இடத்தில் உள்ளதை ஒரு பெண் குரல் வாசிக்கும். சென்னை வானொலிக்காரி போன்ற குரல். நான் போட்டுக் காட்டினேன். நசீருக்குச் சிரிப்புப் பொறுக்கவில்லை. "அம்மாட ஆள் மாட்டுவண்டில்ல போறா!" நாவற்குடாவில் ஓட்டோவை நிறுத்தியபின் அவரே வேகத்தைக் கூட்டித் தந்தார். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பத்து நிமிடத்தில் காது பழகிவிட்டது. வாசகர்களே, நான் இரண்டு வருடம் அந்தப் பெண் மூச்சு விடுவதற்கெல்லாம் காத்திருந்திருக்கிறேன்! அன்று திரும்பி வந்ததும் ஒரு மாதத்துக் கடிதங்களையும் செய்திகளையும் ஒரே மாலையில் வாசித்து முடித்தேன். ஓடும்போது செய்தி கேட்கக்கூடாது, நிறுத்திவிட்டுக் கேளுங்கள் என்று நசீருக்கும் ஒரு புத்தி சொன்னேன். "ஓம்மா" என்றார். திரும்பும்போது நிறுத்தித்தான் கேட்டார்.

டொறத்தியை ஏற்ற ஆறு நிமிடம் ஆனது. சக்கர நாற்காலிக்கும் ஓட்டோ ஆசனத்துக்கும் நடுவே வழுவழுப்பான ஒரு பலகையை வைத்து, அதன்மேல் அவள் தானே நகர்ந்து ஏறினாள். தச்சன் செய்த பலகைதான், ஓரங்கள் நன்றாக இழைத்திருக்கவேண்டும். நாற்காலியை மடித்துப் பின்னால் கட்டினோம். ஆரையம்பதி, கிரான்குளம் தாண்டி எட்டரைக்குக் குருக்கள்மடம் துறைக்கு வந்தோம். நகரத்திலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீற்றர்.

இங்கே வாவியைக் கடக்கிற தட்டைப் படகுக்குப் 'பாதை' என்று பெயர். ஆட்களும் மோட்டார்சைக்கிள்களும் ஏறும். ஓட்டோவையும் ஏற்றலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் நசீரின் ஓட்டோ புதிது, அவருக்கு மனம் வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. நாங்கள் இருவராக அக்கரை போகமுடியுமா என்பதுதானே பரீட்சை.

கரையில் ஒரு அறிவிப்புப் பலகை நின்றது. நேரங்கள் அதில் இருக்கும் என்று நினைத்து, எழுத்தைப் படம் பிடித்து வாசிக்கும் செயலியைத் திறந்து போனை நீட்டினேன். அது உரத்த குரலில், "விளையாட்டுக் கழகம். ஏழு. வினோத்" என்றது. பலகைக்கு முன்னால் விளையாட்டுச் சட்டை போட்ட யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார் என்று விளங்கியது.

"வினோத், கொஞ்சம் விலகுங்கள். அறிவிப்பை மறைக்கிறீர்கள்."

அவர் துள்ளிவிட்டார். "இவவுக்குக் கண் தெரியாதெண்டல்லோ சொன்னீங்க!" என்று நசீரைப் பார்த்துக் கத்தினார். துறை முழுவதும் சிரித்தது. முப்பது முப்பத்தைந்து வயது மனிதர், நல்ல தோற்றம் என்று டொறத்தி பிற்பாடு சொன்னாள்.

சிரிப்பு அடங்கியதும் கூடையோடு நின்ற ஒரு பெண் டொறத்தியிடம் வந்தாள்.

"எந்த ஆஸ்பத்திரி கா? துண்டு வெட்டியாச்சா?"

துண்டு வெட்டுவது என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடுவது.

"நான் ஆஸ்பத்திரியில இருந்து வரல்ல. நாவற்குடாவுல இருந்து வாறன்."

"அப்ப ஆருக்கு வருத்தம்?"

"ஒருத்தருக்கும் இல்ல கா. சுத்திப் பாக்க வந்த நாங்க."

"இந்தக் கோலத்திலயா?"

"வேற கோலம் வீட்ட இரிக்கி. கொண்டுவர மறந்திட்டன்."

இந்தக் கேள்வியில் குற்றம் இல்லை. படுவான்கரையில் யாருக்காவது கடும் நோய், எங்கள் பேச்சில் வருத்தம், என்றால், கதிரையில், அதாவது ஒரு நாற்காலியில் இருத்தி, நாலு பேர் தூக்கிவந்து பாதையில் ஏற்றுவார்கள். இது பல காலத்து வழக்கம். ஆகவே துறையில் கதிரையோடு ஒருவர் வந்தால் அவர் நோயாளி. நோயாளி என்றால் தூக்கவேண்டும். யாரும் யாரையும் கூப்பிடவேண்டியதில்லை. பாதை வந்து அணைந்ததும் நாலு ஆண்கள் தாங்களாகவே டொறத்தியைச் சூழ்ந்தார்கள். "புடி, புடி, அந்தப் பக்கம் புடி!" அவள் மேலே போய்விட்டாள்.

"இறக்குங்க! நான் கோயில் சுருவமில்ல, தோள்ல வெச்சிச் சுத்த!" என்று அவள் கத்துவது தலைக்கு மேலே கேட்டது.

அதே நேரத்தில் வினோத் என்னிடம் ஓடிவந்து, "அம்மா, பிரம்ப இஞ்ச தாங்க, நான் கையப் புடிக்கன்" என்று என் பிரம்பை வாங்கி, பாதையின் ஓரத்தில் சாய்த்துவைத்தார். என் கண்ணை வாங்கி ஓரத்தில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார் என்று சொல்லவேண்டும். அடுத்த கணம் இரண்டு சத்தம் கேட்டது. ஒன்று, தண்ணீரில் 'களக்'. மற்றது டொறத்தியின் அலறல். சக்கர நாற்காலியின் கைதாங்கி கழற்றக்கூடியது. அதைப் பிடித்துத் தூக்கியவரின் கையோடு அது கழன்று வந்துவிட்டது. நாற்காலி ஒரு பக்கம் சரிந்தது.

நான் முப்பது வருடம் தபால் கந்தோரில் இருந்தவள். வரிசையை ஒழுங்குபடுத்துகிற குரல் ஒன்று எனக்கு உண்டு. அதை எடுத்தேன். "எல்லாரும் அப்படியே நில்லுங்கள்! மெல்ல நிலத்தில் வையுங்கள்!"

வைத்தார்கள். டொறத்தியின் கையைத் தேடிப் பிடித்தேன். "திரும்பிப் போவமா?" என்று மெதுவாகக் கேட்டேன். அந்த நேரத்தில் எங்களைத் தாண்டி ஒரு மோட்டார்சைக்கிள், கரைக்கும் பாதைக்கும் நடுவே போட்டிருந்த இரும்புப் பலகையில் 'தடக் தடக்' என்று உருண்டு ஏறிப் போனது. இரண்டு பேருக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

"அண்ணே," என்று டொறத்தி பாதைக்காரரைக் கூப்பிட்டாள், "அது உருண்டு ஏறுதே. நான் ஏன் பறந்து ஏறணும்?"

பாதைக்காரர் தயங்கினார். "ஆக்கள உருட்டி ஏத்திப் பழக்கமில்லையே அம்மா. மரியாதையில்லாத மாதிரி இரிக்கும்."

"என்னையும் ஒரு மோட்டார்சைக்கிள் எண்டு நினைச்சிக்க. ஹெல்மட் மட்டும் கேக்காத."

கைதாங்கியை மாட்டினோம். கரையிலிருந்து பாதை தாழ்வாக இருந்தது. இறக்கத்தில் சக்கர நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி, பெரிய சில்லு முன்னே போக இறக்கவேண்டும். இருப்பவர் முன்னால் சரியமாட்டார். நசீர் கீழே நின்று தாங்க, நான் முன்னால் பிடித்துக்கொள்ள, 'தடக் தடக்.' ஏறிவிட்டோம். அவ்வளவுதான்! நாலு ஆண்களும் ஒரு அலறலும் தேவைப்பட்ட வேலை ஒரு இரும்புப் பலகையில் முடிந்தது. நான் கைதட்டினேன். வயதுக்குத் தகாது, ஆனாலும் தட்டினேன்.

பிரம்பைத் தேடித் தண்ணீரில் இறங்க வினோத் சட்டையைக் கழற்றினார். பாதை புறப்படப் போகிறது, வந்து பார்ப்போம் என்று மறித்தேன். நசீரும் கரையில் ஓட்டோவுக்குத் திரும்பினார். பாதைக்காரர் எங்களிடம் காசு வாங்க மறுத்தார். நோயாளியிடம் வாங்குவதில்லையாம். நாங்கள் நோயாளிகள் இல்லை என்று சொல்லி ஆளுக்கு ஐம்பது ரூபாயைக் கையில் திணித்தேன். அன்று நான் கொடுத்த காசில் இந்த நூறு ரூபாய்தான் எனக்கு அதிக திருப்தி தந்தது.

வாவியைப் பற்றி என்ன எழுத? இந்த வாவிக்குப் பேர்போன பாடும் மீனைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். இயந்திரச் சத்தத்தில் எதுவும் பாடவில்லை. ஆனால் காற்று இருந்தது. சேற்று மணமும் உப்பு மணமும் இருந்தன. என் கண்ணின் இரண்டு ஓரங்களிலும் தண்ணீர் மினுங்கியது. நடுப்பகுதி தெரியாதவளுக்கு வாவி மிகவும் பொருத்தமான இடம். அங்கே பார்க்கவேண்டியவை எல்லாம் ஓரங்களில்தான் இருக்கின்றன. டொறத்தி கொக்குகளை எண்ணினாள். எண்ணி முடியுமுன் அக்கரை வந்துவிட்டது. அங்கே பாதைக்காரர் பிடிக்க, அதேபோல் பலகையில் உருண்டு கரை சேர்ந்தோம்.

வயல்வீடு துறையிலிருந்து அறுநூறு மீற்றர். பிரம்பு இல்லை. அப்போதுதான் கண்டுபிடித்தேன்: சக்கர நாற்காலியின் கைபிடிகளே எனக்குப் பிரம்பு. முன்சில்லு கல்லில் ஏறினால் என் உள்ளங்கைக்குத் தெரிகிறது. நான் தள்ள, அவள் பார்த்துச் சொல்ல, போனோம். குருடனும் முடவனும் கதையைச் சொல்லி யாரும் எனக்குப் பின்னூட்டம் எழுதவேண்டாம். அந்தக் கதையில் அவர்கள் சண்டை பிடித்ததாக இல்லை. நாங்கள் முதல் நூறு மீற்றரும் சண்டை பிடித்தோம்.

"கொஞ்சம் இங்கால."

"இங்கால என்றால் எங்கால? இடமா, வலமா?"

"ஐயோ, இந்தப் பக்கம் கா! நான் கை காட்டுறன்தானே!"

"கையை யாருக்குக் காட்டுகிறாய்?"

அவளுக்குச் சிறுவயதிலிருந்தே இடம் வலம் தடுமாறும். கடைசியில் என் கைகளைப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தாள். மணிக்கூடு கட்டிய கைப்பக்கம், வளையல் போட்ட கைப்பக்கம். "மணிக்கூட்டுப் பக்கம் கொஞ்சம். இப்ப நேர. வளையல் பக்கம் பள்ளம்." அதன்பின் தடங்கல் இல்லை. நெல் வரும்வரை.

அறுவடை நேரத்தில் அங்கே தார் றோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போடுவார்கள். டொறத்தி எங்கோ மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சில்லு புதைந்து நின்றது.

"அம்மாமாரே! நெல்லுக்கு மேலால போறீங்களே, கண் தெரியல்லியா?" என்று ஒரு பெண் ஓடிவந்தாள்.

"தெரியாது" என்றேன் நான்.

"எனக்குத் தெரியும், ஆனா மயிலப் பாத்திட்டன்" என்றாள் டொறத்தி.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளே சிரித்து, சில்லிலிருந்த நெல்லைத் தட்டிவிட்டு, காலால் நெல்லை ஒதுக்கி எங்களுக்கு வழி விட்டாள். எங்கே போகிறோம் என்று கேட்டாள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கவில்லை. அது எங்களுக்குப் பிடித்தது.

வயல்வீட்டில் முன்படி இரண்டு. காவலுக்கு இருக்கும் தம்பதியர் பழைய கதவுப் பலகை ஒன்றைச் சாய்த்துப் போட, ஏறிவிட்டோம். பின்வாசலில் போய் நின்றால் வட்டை, அதாவது வயல்வெளி, கண்ணுக்கெட்டும் தூரம் வெட்டிய நெல்தாளாகக் கிடந்தது. கொண்டுபோன கேக்கை அங்கே சாப்பிட்டோம். உண்மையையும் எழுதவேண்டும்: மலசலகூடக் கதவு ஒடுக்கம். நாற்காலியைவிட இரண்டு விரல் குறைவு. கயிற்றால் நானே அளந்தேன். நடுவில் ஓட்டையும் கீழே வாளியும் உள்ள கழிப்பறைக் கதிரை ஒன்றும் ஒரு மறைப்புச் சேலையும் கொண்டுபோனால் தீரும். டொறத்தியிடம் அந்தக் கதிரை இருக்கிறது.

பிற்பகல் இரண்டு மணிப் பாதையில் திரும்பினோம். இந்த முறை யாரும் தூக்க வரவில்லை. பாதைக்காரரே, "வழி விடுங்க, மோட்டார்சைக்கிள் வருது!" என்று கத்தினார். டொறத்தி வாயால் ஹோன் அடித்தாள்.

எழுவான்கரையில் வினோத் என் பிரம்போடு நின்றார். காலால் துழாவிக் கிடைக்காமல், மாமாவின் வீச்சுவலையை வாங்கி வீசினாராம். "மூண்டாவது வீச்சுல பட்டிச்சிம்மா. ரெண்டு செத்தலும் கூட." செத்தல் என்பது ஒரு சிறு மீன். அதையும் தந்தார். பிறகு, "எந்தக் கை தர?" என்று கேட்டார். "கையை நான் பிடிக்கிறேன், நீங்கள் பிடிக்கவேண்டாம்" என்று சொல்லி அவருடைய முழங்கைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓட்டோவுக்கு நடந்தேன். அவர் வலை வீசியதைப் பார்த்தவர்கள்தான் கதையை நகரத்துக்குக் கொண்டுவந்திருக்கவேண்டும். பிரம்பு வாவியில் என்று புறப்பட்ட கதை, வழியில் நான் வாவியில் என்று ஆகிவிட்டது.

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். காலை ஒன்பதுக்கு முன் துறைக்குப் போங்கள், கூட்டம் குறைவு. பாதையின் நேரங்களை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கைதாங்கி கழற்றக்கூடியதானால் அதில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள், யாரும் அதில் பிடிக்காதபடி. உதவ வருபவர்களைக் கோபிக்கவேண்டாம், எங்கே பிடிப்பது என்று சொல்லிக்கொடுங்கள். பிரம்பை ஒருவரிடமும் கொடுக்கவேண்டாம், அவர் எவ்வளவு நல்லவரானாலும். பிரம்பில் மணிக்கட்டுக்கு ஒரு நாடா இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் போடவில்லை. போனுக்கு மேலதிக மின்கலம் ஒன்று எடுங்கள், வாசித்து வாசித்து அது சீக்கிரம் களைத்துவிடும்.

அன்று மாலை நாவற்குடாவில் டொறத்தியை இறக்கியபோது, "அடுத்தது எங்க?" என்று கேட்டாள். பெரியகல்லாற்றில் அவளுடைய சகோதரியைப் போய்ப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. முந்தின வாரம் 'இனி' என்று சொன்ன அதே வாய்தான்.

இறுதியாக, எங்கள் சங்கத்துச் செயற்குழுவினருக்கு. நீங்கள் அன்பினால்தான் எங்களை ஓய்வெடுக்கச் சொன்னீர்கள் என்று தெரியும். துறையில் தூக்கியவர்களும் அன்பினால்தான் தூக்கினார்கள். வழி இருக்கிறது, போய்ப் பார்த்தோம், மேலே எழுதியிருக்கிறேன். பலகை, கழிப்பறைக் கதிரை, நசீரின் ஓட்டோ மூன்றையும் நானே ஒழுங்கு செய்கிறேன். உலாவுக்கு டொறத்திக்கும் எனக்கும் இடம் உண்டா, இல்லையா? மருமகளிடம் சொல்லி அனுப்பவேண்டாம். தொலைபேசியில் பக்குவமாகச் சொல்லவும் வேண்டாம். எனக்கு வாசிக்கத் தெரியும், இப்போது முன்பைவிட வேகமாக. வரும் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.

பிலோமினா